எழுதி வைத்தால் நிலைக்கும்

நூற்றாண்டு மலர் என்றால் நினைவுகளுக்குத்தான் முதலிடம். மூடுபனிக் காலைகளையும், தேயிலை மலைகளுக்கு நடுவே ஒலித்த பாடசாலை மணியையும் தோழியர் பலர் எழுதுவார்கள். நாமோ, பெயரைக் கேட்டதும் கொட்டாவி வரக்கூடிய ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டோம்: சங்கத்தின் யாப்பு. மலையக வரலாற்றில் அது அவ்வளவு சிறிய விடயமல்ல.

எமது பாட்டன், பூட்டன் காலத்தில் தோட்டத்து எழுத்து முழுவதும் பிறர் கையில் இருந்தது. வேலை நாள் செக்றோலில், கடன் பெரிய கங்காணியின் கணக்கில். தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு தொகை கட்டினால் இந்தக் கங்காணியையும் அவரது ஆட்களையும் விடுவிப்போம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் தொகையைக் கட்டும். கடனோ தொழிலாளியின் தலையிலேயே இருக்கும். அந்தக் கணக்கைத் தட்டிக் கேட்க வழியில்லை. துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921 இல்தான்.

1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. பதிவு கேட்கும் சங்கம் தன் விதிகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். நிதி எதற்குச் செலவாகும், நிர்வாகிகளை நியமிப்பதும் நீக்குவதும் எப்படி, கணக்காய்வு எப்போது, ஏடுகளைப் பார்வையிடுவது எப்படி என்பவை அவற்றில் இருக்க வேண்டும். கங்காணியின் கணக்கைக் காணாதவரின் பிள்ளை, தான் சந்தா கட்டும் சங்கத்தின் கணக்கைக் காணலாம் என்றாயிற்று.

யாப்பு மட்டும் பிணக்கைத் தடுத்துவிடாது. 1939 இல் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரசின் தொழிற்சங்கம், 1950 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. தலைமைப் போட்டி முற்றி, 1956 இல் அசீஸ் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்தார். யார் பக்கம் நியாயம் என்பது இங்கு எமது பேச்சல்ல. மனத்தாங்கல் வரும் நாளில் அதைத் தீர்க்கும் வழியையும், மனம் ஒத்திருக்கும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதே பாடம்.

தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் 1980 இல் 31 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நிதி மோசடி விசாரணையில் தெரியவந்தால் இடைக்கால நிர்வாக சபையை நியமிக்க 1998 ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. நம் வீட்டை நாம் ஒழுங்காக வைக்காவிட்டால், வெளியார் வந்து ஒழுங்குபடுத்துவார்கள்.

எம் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. எம்மில் சிலர் ஒரு சிறிய உதவி நிதியில் சேர்ந்து உழைத்தோம். காசோலையில் இருவர் கையொப்பமிட வேண்டும். ஒருவர் காலமானார், மற்றவர் வெளிநாடு போய்விட்டார். அடுத்து யார் என்று எங்கும் எழுதப்படவில்லை. லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகவிருந்த ஒரு பிள்ளைக்கு அந்தப் பணம் காலத்தில் சேரவில்லை. ஒரு சதமும் களவு போகவில்லை. ஆனாலும் ஊரில் கதை எழுந்தது. இறந்தவரின் நல்ல பெயருக்காக நாம் வாசலுக்கு வாசல் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வைத்தியர்களான எமக்கு இது புதிதல்ல. இரவுக் கடமையில் கொடுத்த மருந்தை எழுதாமல் போனால், காலையில் வருபவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் தடுமாறுவார். நோயாளியின் பதிவேட்டில் எழுதுவதை யாரும் சந்தேகம் என்று கொள்வதில்லை. சங்கத்தில் மட்டும், "எங்களுக்குள் எதற்கு எழுத்து?" என்கிறோம்.

ஆகவே, இரண்டாம் நூற்றாண்டுக்குள் காலெடுத்து வைக்கும் சங்கம் சிலவற்றை எழுத்தில் வைக்கட்டும். பதவிக்காலம் எத்தனை ஆண்டு? கையொப்பமிடுபவர் விலகினால் அடுத்தவர் யார்? புலமைப்பரிசிலுக்கு உறவுக்காரப் பிள்ளை விண்ணப்பித்தால், அந்தச் செயற்குழு உறுப்பினர் தெரிவிலிருந்து ஒதுங்குவாரா? கணக்கறிக்கை எந்த மாதத்தில் எல்லோருக்கும் வரும்? முறைப்பாட்டை யாரிடம் சொல்வது? அறிக்கைப் புத்தகங்கள் எங்கே இருக்கும்? எழுதியதை ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் எடுத்து வாசிக்கவும் வேண்டும்; அலுமாரியில் உறங்கும் யாப்பால் பயனில்லை.

லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து பணம் அனுப்பும் தோழி, ஹட்டனில் அதைப் பொறுப்பேற்கும் தோழியை நம்பித்தான் அனுப்புகிறாள். அந்த இருவரும் இல்லாத காலத்திலும் சங்கம் இருக்கும். அன்று வரும் பிள்ளைகளுக்கு எமது நட்பு தெரியாது. நாம் எழுதி வைத்தது மட்டுமே தெரியும்.