ஒரே குருமரபின் இரு கிளைகள்: குவாண்டம் போட்டியும் அறிவியலாளர் இடப்பெயர்வும்

குவாண்டம் கணினியில் அமெரிக்காவும் சீனாவும் மோதும் செய்தி வரும்போதெல்லாம் பேச்சு கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. கூகுளின் சிக்கமோர் 53 கியூபிட், சீனாவின் ஹெஃபே நகரத்துச் சூச்சோங்ஜி 66, பிறகு இரு தரப்பிலும் 105. இந்தக் கட்டுரை எண்களை ஒதுக்கிவிட்டு ஆட்களைப் பின்தொடர்கிறது. யார் எந்த ஆய்வகத்தில் யாரிடம் பயின்றார், பயின்றபின் எங்கே போனார் என்று தடம் பிடித்துப் போனால், எதிரெதிர் அணிகளாகக் காட்டப்படும் இரண்டும் ஒரே குருமரபின் கிளைகள் என்பது தெரியவரும். 2018 தொடங்கி எழுப்பப்பட்ட தடைகள், அந்த மரபு இரு கரைகளிலும் வேரூன்றிய பிறகு எழுந்தவை என்பதே இங்கு முன்வைக்கும் கருத்து.

அரசுகளின் கவனம் இத்துறைமீது திரும்பிய ஆண்டைத் துல்லியமாகவே சொல்லலாம். 1981-இல் எம்ஐடி கருத்தரங்கு ஒன்றில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், இயற்கை குவாண்டம் விதிப்படி நடப்பதால் அதைக் கணித்துக் காட்டும் கருவியும் அதே விதிப்படி இயங்க வேண்டும் என்று வாதிட்டார். 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் டாய்ச் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். இவையெல்லாம் இயற்பியலாளர் வட்டத்துக்குள் நடந்த உரையாடல்கள். 1994-இல் பெல் ஆய்வகத்தின் பீட்டர் ஷோர், பெரிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் குவாண்டம் வழிமுறையை வெளியிட்டபோது நிலைமை மாறியது. வங்கிப் பரிமாற்றங்களையும் அரசுத் தகவல்களையும் காக்கும் ஆர்எஸ்ஏ குறியாக்கம், அந்தக் கணக்கு கடினமானது என்ற ஒரே நம்பிக்கையின்மீது நிற்கிறது. சில ஆண்டுகளிலேயே அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் பணமும் ராணுவ ஆய்வு அலுவலகத்தின் பணமும் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு வரத் தொடங்கின.

ஷோரின் வழிமுறை தாளில் இருந்தது. அதை ஓட்டும் பொறி வேறொரு பாதையில் வந்தது. 1984, 85-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மூவர், மீக்கடத்தி மின்சுற்று ஒன்று முழுவதுமாகக் குவாண்டம் விதிப்படி நடந்துகொள்வதைச் செய்து காட்டினர். பேராசிரியர் ஜான் கிளார்க் இங்கிலாந்துக்காரர். முதுமுனைவு ஆய்வுக்கு வந்திருந்த மிஷெல் டெவொரே பிரான்ஸ் நாட்டவர். மாணவர் ஜான் மார்ட்டினிஸ் அமெரிக்கர். 2025-ஆம் ஆண்டு இயற்பியல் நொபெல் பரிசு இந்த மூவருக்கும் கிடைத்தது. அந்தச் சுற்றிலிருந்து முதல் மீக்கடத்திக் கியூபிட்டை 1999-இல் உருவாக்கியவர்கள் ஜப்பானின் என்இசி நிறுவனத்தில் இருந்த நாகமுரா, பாஷ்கின், ட்ஸாய். சிக்கமோரும் சூச்சோங்ஜியும் இந்த வழியில் வந்தவையே. இரண்டுக்கும் அடியில் உள்ள இயற்பியலுக்கு எந்த ஒரு நாடும் தனியுரிமை கொண்டாட முடியாது.

ஹெஃபேயின் எழுச்சி

சீனக் கதையின் மையத்தில் இருப்பவர் பான் ஜியான்வெய். 1970-இல் ஷெஜியாங் மாகாணத்தில் பிறந்தவர். ஹெஃபேயில் உள்ள சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பெய்ஜிங்கில் 1958-இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம், பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அன்ஹுய் மாகாணத்துக்கு இடம் மாற்றப்பட்டது. தலைநகரத்தை விட்டு அப்படி வந்து சேர்ந்த நிறுவனம் இன்று உலகின் முதன்மையான குவாண்டம் மையங்களில் ஒன்று.

பான் 1996-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகருக்கு, ஆன்டன் சைலிங்கரிடம் போனார். உன் கனவு என்ன என்று சைலிங்கர் கேட்டதற்கு, சீனாவில் இதைப் போன்ற ஓர் ஆய்வகம் அமைப்பது என்று அவர் பதில் சொன்னதாகப் பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. போன மறு ஆண்டே, 1997 டிசம்பரில், ஒரு ஒளித்துகளின் நிலையை இன்னொன்றுக்கு மாற்றும் ‘குவாண்டம் தொலைநகர்வு’ சோதனையைச் சைலிங்கர் குழு நேச்சர் இதழில் வெளியிட்டது. பானின் பெயர் அதில் இரண்டாவதாக இருந்தது. 1999-இல் வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்றார்.

அடுத்து அவர் எடுத்த முடிவுகள் எந்த ஆட்சேர்ப்புத் திட்டத்தையும்விடக் கவனிக்கத்தக்கவை. 2001-இல் ஹெஃபேயில் ஆய்வகம் தொடங்கினார். ஆனால் ஐரோப்பாவை விட்டுவிடவில்லை. 2003 முதல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் இன்னொரு குழுவை நடத்தினார். ஹெஃபேயில் அப்போது கைவராத குளிர்அணு நுட்பத்தை அங்கே தம் மாணவர்களைக் கொண்டே பழகினார். ஒவ்வொரு மாணவரையும் வெவ்வேறு திறன் கற்க வெவ்வேறு திசைக்கு அனுப்பினார். லூ சாவோயாங் கேம்பிரிட்ஜ் போய்க் குவாண்டம் புள்ளிகள் கற்றார். ஜாங் சியாங் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். சென் யுஆவோ ஜெர்மனியிலேயே குளிர்அணுவில் ஆழ்ந்தார். 2008-இல் பான் குழுவோடு முழுமையாகத் திரும்பினார்; மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தனர். விதைநெல்லைப் பல வயல்களில் பெருக்கி ஒரே களத்துக்குக் கொண்டுவந்தது போன்ற வேலை அது.

வெளிநாட்டில் இருக்கும் சீன அறிஞர்களைப் பெரும் ஊதியத்தில் அழைக்கும் ‘ஆயிரம் திறமையாளர் திட்டம்’ அதே 2008-இல்தான் அறிவிக்கப்பட்டது. அமெரிக்கப் புலனாய்வாளர்களும் மேற்கத்திய ஊடகங்களும் பின்னாளில் எல்லாவற்றுக்கும் அத்திட்டத்தையே காரணம் காட்டினார்கள். அதன் பங்கை மறுக்க முடியாது. ஆனால் ஹெஃபே விஷயத்தில் அது மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பது என் கணிப்பு. திட்டம் பிறக்கும் முன்பே திரும்புவது தீர்மானமாகியிருந்தது. ஊதியத்தைவிட, ஓர் இளைஞருக்குத் தனி ஆய்வகமும் கருவியும் மாணவர்களும் உடனே கிடைப்பதுதான் அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது. மேற்கில் அதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. விண்வெளியிலிருந்து குவாண்டம் சோதனை செய்ய ஐரோப்பிய விண்வெளி முகமையைச் சைலிங்கர் நீண்ட நாள் வற்புறுத்தியும் காரியம் நடக்கவில்லை. அவருடைய மாணவர் அதைச் சீனாவில் செய்து முடித்தார். 2016 ஆகஸ்ட் 16 அன்று ஜியுச்சுவான் ஏவுதளத்திலிருந்து மோசி செயற்கைக்கோள் கிளம்பியது. மறு ஆண்டு, 1,200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் இரு நிலையங்களுக்குப் பிணைந்த ஒளித்துகள் இணைகளை அனுப்பிக் காட்டினார்கள். 2017 செப்டம்பரில் அந்தச் செயற்கைக்கோள் வழங்கிய மறைசாவியைக் கொண்டு பெய்ஜிங்கும் வியன்னாவும் காணொலியில் பேசின. வியன்னா முனையில் அமர்ந்திருந்தவர் சைலிங்கர். குரு சீடருடைய கூட்டாளியாகிவிட்டிருந்தார். அமெரிக்க உளவுக் கண்காணிப்பை அம்பலப்படுத்தி எட்வர்ட் ஸ்னோடென் 2013-இல் வெளியிட்ட ஆவணங்கள் பெய்ஜிங்கின் அவசரத்தைக் கூட்டியிருந்தன. பெய்ஜிங் – ஷாங்காய் இடையே சுமார் 2,000 கிலோமீட்டர் குவாண்டம் தொடர்பு வழி அதே 2017-இல் திறக்கப்பட்டது.

சீனா இத்துறையில் 1,500 கோடி டாலர் செலவிட்டதாக ஒரு எண் கட்டுரைக்குக் கட்டுரை தாவிக்கொண்டிருக்கிறது. வெளிப்படையான வரவுசெலவுக் கணக்கு எதுவும் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவதில்லை. ஆகவே அதன்மீது இங்கே எந்த வாதத்தையும் கட்டவில்லை.

சாந்தா பார்பராவின் மாணவர்கள்

ஒளியியலில் சைலிங்கர் வகித்த இடத்தை மீக்கடத்திச் சுற்றுகளில் மார்ட்டினிஸ் வகித்தார். சாந்தா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் குழுவை 2014-இல் கூகுள் தன்னோடு சேர்த்துக்கொண்டது. குழு கூகுளுக்குப் போவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அங்கே முதுமுனைவு ஆய்வு செய்த வாங் ஹாவ்ஹுவா ஷெஜியாங் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி அந்தக் கைத்திறனை அங்கே ஊன்றியிருந்தார். சூச்சோங்ஜி சில்லுகளை உருவாக்கிய ஜு ஷியாவோபோ ஜப்பானின் என்டிடி ஆய்வகத்தில் பணியாற்றியவர். 2017-இல் இவர்களும் பானும் கைகோத்து, 10 மீக்கடத்திக் கியூபிட்களைப் பிணைத்துக் காட்டினார்கள்.

கூகுள் தரப்பும் கலவையானதுதான். குழுவைத் தொடங்கிய ஹார்ட்முட் நெவென் ஜெர்மானியர். கோட்பாட்டுப் பணியை முன்னெடுத்த செர்ஹியோ போய்ஷோ ஸ்பெயின்காரர். 2019 அக்டோபரில் இவர்களின் சிக்கமோர், மீக்கணினிக்கு 10,000 ஆண்டு பிடிக்கும் கணக்கை 200 நொடியில் முடித்ததாக அறிவித்தது. இரண்டரை நாள் போதும் என்று ஐபிஎம் உடனே மறுத்தது. பின்னர் சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 512 வரைகலைச் செயலிகளைக் கொண்டு அதைச் சுமார் 15 மணி நேரத்தில் முடித்துக் காட்டினர். நாடுகளின் போட்டி என்று பெயரிட்டாலும், ஒருவர் கூற்றை மற்றவர் சோதித்து முறியடிப்பதுதான் இங்கே நடந்தது. மார்ட்டினிஸ் 2020-இல் கூகுளை விட்டு விலகிச் சிறிது காலம் ஆஸ்திரேலியாவில் மிஷெல் சிம்மன்ஸின் குவாண்டம் கணினி நிறுவனத்துக்குப் போனதும் இத்துறையில் ஆட்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதற்குச் சான்று.

சீனத் தனியார் நிறுவனங்களின் அனுபவம் வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷி யாவ்யுனை 2017-இல் அலிபாபாவும், சிட்னியிலிருந்து ட்வான் ருன்யாவை 2018-இல் பைடுவும் அழைத்துக்கொண்டன. 2023 நவம்பரில் அலிபாபா தன் குவாண்டம் ஆய்வகத்தை மூடிக் கருவிகளை ஷெஜியாங் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. பைடுவும் சில வாரங்களில் அதே வழியில் போனது. ஆக, அங்கே குவாண்டம் என்றால் அரசும் பல்கலைக்கழகமும்தான்.

தடைகள்

2018 டிசம்பரில் அமெரிக்கா இயற்றிய தேசியக் குவாண்டம் முன்முயற்சிச் சட்டம் ஐந்தாண்டுக்கு 120 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வழிசெய்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் நீதித்துறை, சீனாவுக்குத் தொழில்நுட்பம் கசிவதைத் தடுப்பதற்கான ‘சைனா இனிஷியேட்டிவ்’ விசாரணைகளைத் தொடங்கியிருந்தது. அதன் பிரபலமான வழக்குகள் குவாண்டம் சார்ந்தவை அல்ல. எம்ஐடி பேராசிரியர் காங் சென்மீது 2021 ஜனவரியில் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள் ஓராண்டில் கைவிடப்பட்டன. திட்டமும் 2022 பிப்ரவரியில் முடித்துக்கொள்ளப்பட்டது. ஆனாலும் சீனப் பின்னணி கொண்ட பேராசிரியர்களிடம் விதைத்த அச்சம் வழக்குகளோடு போய்விடவில்லை. ஆயிரம் திறமையாளர் திட்டத் தொடர்பை மறைத்ததற்காகத் தண்டனை பெற்ற ஹார்வர்டு வேதியியலாளர் சார்ல்ஸ் லீபர், 2025-இல் ஷென்ஜெனில் உள்ள சின்குவா பட்ட மேற்படிப்பு மையத்தில் சேர்ந்தார். தடுக்க நினைத்த இடப்பெயர்வு, தண்டனை முடிந்தபின் நடந்தது.

2020 மே மாத அதிபர் ஆணை, சீன ராணுவத்தோடு தொடர்புடைய நிறுவனங்களிலிருந்து வரும் பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கு விசா கதவை மூடியது. 2021 நவம்பரில் ஹெஃபே தேசிய ஆய்வகமும், 2024 மே மாதம் பானின் பல்கலைக்கழகமும் வணிகத் துறையின் தடைப் பட்டியலில் ஏறின. 2024 செப்டம்பரில் 34 கியூபிட் அளவிலிருந்தே, பிழைவீதத்தைப் பொறுத்து, குவாண்டம் கணினிகளுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது.

அந்த விதியில் கவனத்துக்கு வராமல் போகும் ஒரு பகுதி உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, நாட்டுக்குள் வேலை செய்யும் வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பத்தைக் காட்டுவதே ‘ஏற்றுமதி’யாகக் கருதப்படும். குவாண்டம் துறையில் அரசு இதைத் தளர்த்தியது. பெரும்பாலான நாட்டவருக்கு உரிமம் தேவையில்லை. சீனா உள்ளிட்ட நாட்டவருக்குப் பொது உரிமம், நிறுவனங்கள் அறிக்கை தந்தால் போதும். அதே தடையை அப்படியே விதித்திருந்தால் அமெரிக்க ஆய்வகங்களிலேயே ஆள் இல்லாமல் போயிருக்கும். எதிராளி என்று பட்டியலிட்ட நாட்டின் குடிமக்கள் தன் ஆய்வகங்களுக்குத் தேவை என்பதை அரசாங்கம் தன் அரசிதழிலேயே ஒப்புக்கொண்டது இங்கேதான்.

இந்தியாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். ஷோருக்கு அடுத்தபடியாகப் புகழ்பெற்ற குவாண்டம் தேடல் வழிமுறையை 1996-இல் கண்டவர் டெல்லி ஐஐடியில் படித்த லவ் குரோவர். அவரும் கண்டது பெல் ஆய்வகத்தில். 2023-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு எட்டாண்டுக்கு 6,003.65 கோடி ரூபாய். அதன் நான்கு மையங்களில் குவாண்டம் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் அமைகிறது. திரும்பி வருவோருக்கு உடனே தனி ஆய்வகம் கொடுக்கும் ஹெஃபே முறை இங்கு வருமா என்பதைப் பணத்தைவிட நிர்வாக விதிகளே தீர்மானிக்கும்.

2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்கா புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தது. அக்டோபர் 1 அன்று சீனாவில் இளம் அறிவியலாளர்களுக்கான ‘கே’ விசா நடைமுறைக்கு வந்தது. காட்சி மாறிவிட்டது என்று பலர் எழுதினார்கள். நான் அவ்வளவு விரைந்து முடிவெடுக்க மாட்டேன். ஹெஃபேயைக் கட்டியவர்கள் வெளியே போய்த் திரும்பிய சீனர்கள். கலிஃபோர்னியாவில் ஜெர்மானியரும் ஸ்பெயின்காரரும் பிரெஞ்சுக்காரரும் வந்து தங்கி வேலை செய்தது போல, வேற்று நாட்டவர் பெருமளவில் ஹெஃபேயில் வந்து குடியேறுவது இன்னும் நடக்கவில்லை. புதிய விசாவுக்குச் சீனச் சமூக ஊடகங்களில் எழுந்த முதல் எதிர்வினையோ, நம் பட்டதாரிகளுக்கே வேலை இல்லாதபோது வெளிநாட்டவர் எதற்கு என்ற கேள்வியாக இருந்தது.