பள்ளி ஆசிரியராய் வாழ்ந்த பேரறிஞர் டர்னர்

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த நன்மக்களுக்கு மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-ஆம் ஆண்டில் தம் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கினார். எனினும், அடிமைத்தளை அறுந்த பின்னரும் அந்நாட்டின் உயர்கல்விக் கதவுகள் கருப்பின மக்களுக்கு முழுமையாகத் திறக்கவில்லை. பூச்சியியல் அறிஞர் சார்லஸ் ஹென்றி டர்னரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவரை நாம் அறிந்துகொள்வது நலம்.

டர்னர் 1867-இல் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் பிறந்தார். தந்தை தேவாலயத்தில் பராமரிப்புப் பணியாளர், தாய் செவிலி. சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1891-இல் இளநிலைப் பட்டமும், 1892-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பறவையின் மூளை, சிலந்தியின் வலை, திராட்சைக் கொடியின் இலை என, தாவரவியலிலும் விலங்கியலிலும் அவ்வயதிலேயே கட்டுரைகள் வெளியிட்டார். 1893 முதல் அட்லாண்டாவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் விளங்கினார். எறும்புகள் புற்றுக்கு வழி கண்டு திரும்பும் முறையை ஆராய்ந்து, 1907-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

இத்தகுதி படைத்தவருக்குப் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் எதுவும் இடமளிக்கவில்லை. செயின்ட் லூயி நகரில் கருப்பின மாணவர்களுக்கென அமைந்த சம்னர் உயர்நிலைப் பள்ளியில் 1908 முதல் 1922 வரை அவர் ஆசிரியராகவே பணியாற்றினார். உயராய்வுக்கூடம் இல்லை, ஆய்வு மாணவர் இல்லை. நகரப் பூங்காவே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று.

அங்கே தேன் இட்ட சிவப்பு வட்டுகளுக்குத் தேனீக்களைப் பழக்கினார். அவை பிற நிற வட்டுகளை விடுத்துச் சிவப்பையே நாடின. தேனீக்கள் நிற வேறுபாட்டை உணர்கின்றன என்று 1910-இலும், வடிவ வேறுபாட்டையும் உணர்கின்றன என்று 1911-இலும் எழுதினார். தேனீக்குச் செந்நிறம் கருமையாகவே தோன்றும் என்று பின்னர் கார்ல் வான் ஃபிரிஷ் காட்டினார். ஆயினும் டர்னர் வகுத்த சோதனை வழியின் சிறப்பு குறையவில்லை. இருளை விரும்பும் கரப்பான்பூச்சிக்கு இருண்ட அறையில் மட்டும் சிறு மின் அதிர்ச்சி தந்து, இருளை ஒதுக்கக் கற்பித்தார். அந்துப்பூச்சிகள் ஒலியைக் கேட்கின்றன என்று 1914-இல் நிறுவினார். 1923-இல் மறைவதற்குள் ஏறத்தாழ 70 கட்டுரைகள் வெளியிட்டிருந்தார்.

இன்று பூச்சியின் நினைவாற்றலை மூலக்கூறு உயிரியல் ஆராய்கிறது. தேனீயின் மரபணுத் தொகுதி 2006-இல் வெளியாயிற்று. பூச்சி கற்கும் ஆற்றல் உடையது என்பது முதலில் தெளிந்தாலன்றோ, அதற்குத் துணைசெய்யும் மரபணு எதுவென்று வினவ இயலும்? அதைத் தெளிவித்த முன்னோடிகளுள் டர்னரும் ஒருவர்.

இளைஞர்களே! "வசதியின்றியே சாதித்தார், நீங்களும் அவ்வாறே சாதியுங்கள்" என்று கூறி முடிப்பது நம் நோக்கமன்று. அவருக்கு ஆய்வுக்கூடமும் ஆய்வு மாணவரும் வாய்த்திருந்தால் உலகம் இன்னும் எவ்வளவு பெற்றிருக்கும்! ஒரு சமுதாயத்தின்மேல் கதவை அடைப்போர், அறிவுலகின் செல்வத்தையும் சேர்த்தே அடைத்து வைக்கின்றனர். ஆகவே, டர்னரின் விடாமுயற்சியை நாம் கைக்கொள்வோம்; அவருக்கு மறுக்கப்பட்ட ஆய்வுக்கூடத்தை நம் பிள்ளைகளுக்கு உரிமையுடன் கேட்டுப் பெறுவோம்.