மாட்டுப் பித்தத்தில் தொடங்கிய மாத்திரை

கம்பம், சின்னமனூர் மருந்துக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையின் தாய்வழி மாட்டுப் பித்தம். பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் வேதியியலாளர்கள் கார்ட்டிசோனைச் செய்தார்கள். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் அதை முடக்குவாதத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட, சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசு. பிறகு மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கும் ஒரு பூஞ்சையும் பித்தத்தின் வேலையை எடுத்துக்கொள்ள, விலை சரிந்தது. 1950-களின் நடுவில் பிரெட்னிசோலோன் வந்தது.

காதுக்குள் அது வந்தது தாமதமாகத்தான். திடீர்க் காது கேளாமையில் இந்த வகை ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 61 சதவீதம் பேர் தேறினார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம் என்றது 1980-இல் வந்த ஓர் ஆய்வு. சிறிய ஆய்வுதான், விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

நம் பக்கத்தில் நடப்பது வேறு. காலையில் எழுந்தால் ஒரு காது அடைத்திருக்கும், இரைச்சல் கேட்கும், சிலருக்குத் தலை சுற்றும். சளி என்பார்கள், குறும்பி என்பார்கள், பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவார்கள். அந்த நாட்கள் திரும்ப வராது. வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். ஒலி அடைத்த காதில் பலமாகக் கேட்டால் குறும்பியாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் போனால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். மருத்துவர் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். எப்படிக் கேட்டாலும் அன்றே கிளம்புங்கள். உத்தமபாளையம், சின்னமனூர், தேனி தாண்டினால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பிரெட்னிசோலோனின் வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு 60-க்கு மேல் இல்லை. ஓரிரு வாரம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கடையில் கேட்டு நீங்களே விழுங்கும் மாத்திரை அல்ல இது. சர்க்கரையை எகிற வைக்கும். அதனால் சர்க்கரை நோயாளிகளுக்குச் செவிப்பறை வழியாக ஊசி போடும் வழி உண்டு. 2011-இல் 250 பேரிடம் நடந்த ஆய்வில் அதுவும் மாத்திரைக்குக் குறையவில்லை. செவிப்பறையை மரக்கச் செய்து, நுண்ணோக்கியில் பார்த்து, மெல்லிய ஊசியால் அரை மில்லி அளவு மருந்தை நடுக்காதில் விடுவார்கள். அரை மணி நேரம் அந்தக் காது மேலே இருக்க அசையாமல் படுத்திருக்க வேண்டும். எச்சில்கூட விழுங்காமலிருந்தால் நல்லது. மாத்திரை பலிக்காதவர்களுக்கும், இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் வந்துவிட்டால், இந்த ஊசி இன்னொரு வாய்ப்பு.