ஒலிமிகைப்பி மின்சுற்றுப்பலகை பழுதுபார்த்தல்

ஒலிமிகைப்பி மின்சுற்றுப்பலகை பழுதுபார்த்தல் என்பது, ஆம்ப்ளிஃபையர் என்று பேச்சுவழக்கில் அழைக்கப்படும் வீட்டு ஒலிமிகைப்பியின் அச்சிட்ட மின்சுற்றுப்பலகையில் கெட்டுப்போன உறுப்புகளைக் கண்டறிந்து மாற்றி, கருவியை மீண்டும் இயங்கச் செய்யும் பணி ஆகும். பழுது பெரும்பாலும் ஒருசில உறுப்புகளிலேயே ஏற்படுவதால், பலகை முழுவதையும் மாற்றவேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை.

பொதுவான பழுதுகள்

மின்பகு மின்தேக்கி: இதனுள் இருக்கும் மின்பகு நீர்மம் நாளடைவில் உலர்வதால் கொண்மம் குறைந்து, உள்தடை கூடுகிறது. மின்வழங்கியிலுள்ள வடிகட்டி மின்தேக்கி இவ்வாறு வலுவிழந்தால் ஒலிபெருக்கியில் தொடர்ச்சியான இரைச்சல் கேட்கும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்சாக உள்ள நாடுகளில், முழு அலைத்திருத்தி கொண்ட கருவியில் இவ்விரைச்சலின் அதிர்வெண் 100 ஹெர்ட்சு ஆகும். மின்தேக்கியின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

பற்றாசு வெடிப்பு: வெப்பத்தால் விரிந்து சுருங்குவதால், கனமான உறுப்புகளின் கால்களைச் சுற்றிப் பற்றாசில் மெல்லிய வளைய வெடிப்பு உண்டாகிறது. கருவியைத் தட்டும்போது ஒலி விட்டுவிட்டு வருவது இதன் அறிகுறியாகும்.

வெளியீட்டுத் திரிதடையம்: டிரான்சிஸ்டர் எனப்படும் இவ்வுறுப்பு குறுக்குச்சுற்றானால் மின்னுருகி எரிந்துவிடும். காப்புச்சுற்று இல்லாத கருவிகளில் நேரோட்ட மின்னழுத்தம் ஒலிபெருக்கியை அடைந்து, அதன் குரல்சுருளையும் எரித்துவிடலாம்.

பசை அரிப்பு: 1970களிலும் 1980களிலும் தயாரான பல கருவிகளில் உறுப்புகளை நிலைநிறுத்த இட்ட பசை, காலப்போக்கில் கரும்பழுப்பாக மாறி, மின்சாரத்தைக் கடத்துவதுடன் உறுப்புகளின் கால்களையும் அரிக்கிறது.

சோதித்தல்

முதலில் உப்பிய மின்தேக்கி, கருகிய மின்தடையம், வெடித்த பற்றாசு ஆகியவை கண்ணால் தேடப்படுகின்றன. பின்னர் மல்டிமீட்டரின் இருமுனையச் சோதனை நிலையில் திரிதடையங்கள் அளக்கப்படுகின்றன. நல்ல சிலிக்கன் சந்தி ஒரு திசையில் மட்டும் ஏறத்தாழ 0.5 முதல் 0.7 வோல்ட்டு வரை காட்டும். இரு திசைகளிலும் சுழியத்தை ஒட்டிய அளவு காட்டினால் அது குறுக்குச்சுற்றாகி இருக்கக்கூடும். பலகையில் இணைந்துள்ள பிற உறுப்புகளும் அளவை மாற்றக்கூடும் என்பதால், ஐயத்திற்குரியதைக் கழற்றி மீண்டும் அளக்கவேண்டும்.

உறுப்பை மாற்றியபின் முதல் இயக்கத்தின்போது, மின்னிணைப்பில் 60 அல்லது 100 வாட்டு இழைக் குமிழ் விளக்கு ஒன்றைத் தொடராக இணைப்பது வழக்கம். விளக்கு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் சுற்று பெரும்பாலும் சீராக உள்ளது. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் குறுக்குச்சுற்று நீங்கவில்லை. ஒலிபெருக்கி முனைகளில் நேரோட்ட மின்னழுத்தம் சில பத்து மில்லிவோல்ட்டுகளுக்குள் உள்ளதை உறுதிசெய்த பின்னரே ஒலிபெருக்கியை இணைக்கவேண்டும்.

பாதுகாப்பு

* மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் வடிகட்டி மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். தகுந்த மின்தடையம் வழியாக அதை வெளியேற்றி, மின்னழுத்தம் நீங்கியதை அளந்தபின் பலகையைத் தொடவேண்டும்.
* புதிய மின்தேக்கி அதே கொண்மமும், குறையாத மின்னழுத்தத் தாங்குதிறனும் உடையதாக இருக்கவேண்டும். முனைகளை மாற்றி இணைத்தால் அது வெடிக்கக்கூடும்.
* எரிந்த மின்னுருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியை இணைத்தல் தீவிபத்துக்கு வழிவகுக்கும்.