இரவில் பாரிஸ் (ஒளிப்பட நூல்)

இரவில் பாரிஸ் (பாரி டெ நுயி) என்பது ஹங்கேரிய ஒளிப்படக் கலைஞரான பிராசாய் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களைக் கொண்டு 1932 டிசம்பரில் பாரிஸ் நகரில் வெளியான நூலாகும். அயல்நாட்டிலிருந்து குடியேறிய ஒருவர் ஒரு பெருநகரின் இரவைப் பதிவு செய்த இந்நூல், தெரு ஒளிப்படக்கலை வரலாற்றின் முதன்மையான நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எனினும் அவ்வாண்டுகளில் பிராசாய் எடுத்த படங்களில் ஒரு பகுதியே இதில் இடம்பெற்றது. எஞ்சியவற்றுள் பல, அவர் விரும்பிய வடிவில் அச்சேற 44 ஆண்டுகள் ஆயின.

ஆசிரியர்

பிராசாயின் இயற்பெயர் ஜூலா ஹாலாஸ். இவர் 1899 செப்டம்பர் 9 அன்று பிராஷோ என்னும் ஊரில் பிறந்தார். அப்பொழுது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்த அவ்வூர் இன்று பிரஷோவ் என்ற பெயரில் ருமேனியாவில் உள்ளது. பிராசாய் என்னும் புனைபெயருக்கு அவ்வூரைச் சேர்ந்தவர் என்பதே பொருள். புடாபெஸ்டிலும் பெர்லினிலும் ஓவியம் பயின்ற இவர் 1924இல் பாரிசுக்கு வந்து, இதழ்களுக்குக் கட்டுரைகள் எழுதிப் பிழைத்தார். கட்டுரைகளுக்குப் படங்கள் தேவைப்பட்டன. முதலில் பிறர் எடுத்த படங்களைப் பயன்படுத்தியவர், ஏறத்தாழ 30ஆம் வயதில் தாமே கேமராவைக் கையில் எடுத்தார். இவருடைய நண்பரும் ஹங்கேரியருமான ஆந்த்ரே கெர்டெஸ் இதற்குத் தூண்டுகோலாக இருந்தார்.

படம் எடுத்த முறை

பிராசாய் பயன்படுத்தியது 6.5 × 9 செ.மீ. கண்ணாடித் தகடுகள் கொண்ட ஃபோக்ட்லாண்டர் கேமரா. இருளில் ஒரு தகட்டுக்குப் பல நிமிடங்கள் ஒளி காட்ட வேண்டியிருந்ததால் முக்காலி இன்றியமையாததாயிற்று. நேரத்தை அவர் சிகரெட்டால் அளந்தார்: ஓரளவு வெளிச்சம் இருந்தால் ஒரு கோலுவாஸ் எரிந்து முடியும் நேரம், இருள் கூடுதலாக இருந்தால், தடித்த சிகரெட்டான பொயார் எரிந்து முடியும் நேரம். வேடிக்கையாகத் தோன்றினாலும் இது நடைமுறைக்கு உகந்த வழியே. தெருவிளக்கின் நேரடி ஒளி படத்தைக் கெடுக்காதிருக்க, விளக்கை மரத்தின் பின்னோ சுவரின் பின்னோ மறையுமாறு நின்றார். மூடுபனியும் மழையும் அவருக்குத் துணையாயின; ஈரமான கல் பாவிய சாலை ஒளியைத் திருப்பி அனுப்பியது. படங்களை அவர் தாம் தங்கியிருந்த விடுதி அறையிலேயே கழுவி அச்சிட்டார்.

மதுக்கடைகளுக்குள் எடுக்கும்போது மக்னீசியப் பொடியைக் கொளுத்தினார். அந்த வெடிப்பொலியையும் புகையையும் கண்டு பிக்காசோ இவருக்குப் 'பயங்கரவாதி' எனப் பட்டப்பெயர் இட்டார். இம்முறையில் ஒருவரை அறியாமல் படமெடுப்பது இயலாது. எனவே இவருடைய படங்களில் பல, உரியவர் இசைவுடன் அசையாது நின்று எடுக்கப்பட்டவை. சிலவற்றில் நண்பர்களே மாந்தராக நடித்துள்ளனர். தெரு ஒளிப்படம் என்றாலே தற்செயலாகச் சிக்கிய கணம் எனக் கருதுவோர் இதை நினைவிற் கொள்வது நன்று.

பதிப்பு

நூலை வெளியிட்டது சார்லஸ் பெஞோவின் ஆர் எ மெத்தியே கிராஃபிக் பதிப்பகம். முன்னுரை எழுதியவர் எழுத்தாளர் பால் மொராண். அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் ஓரவெளியே இன்றிப் பக்கம் முழுவதையும் நிறைத்தன. நூல் சுருள் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அச்சுமுறை ஃபோட்டோகிராவூர் ஆகும். இதில் தகட்டின் பள்ளங்களில் மை தேங்குவதால், ஆழமான பள்ளம் அடர்ந்த கருமையைத் தரும். இரவைப் பொருளாகக் கொண்ட நூலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை அன்று இல்லை எனலாம். இதன் வெற்றியைத் தொடர்ந்து பில் பிராண்ட் 1938இல் லண்டன் இரவுகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவரும் செருமனியில் பிறந்து லண்டனில் குடியேறியவரே.

வெளியிட இயலாத படங்கள்

விலைமகளிர் விடுதிகளின் உட்புறம், தற்பாலீர்ப்புடைய பெண்கள் கூடிய லெ மொனோக்கிள் மதுக்கூடம், அபினிக் கூடங்கள், திருடர் கும்பல்கள் ஆகியவற்றையும் பிராசாய் படமெடுத்திருந்தார். 1930களின் நடுவில் இத்தகைய படங்கள் சில வேறொரு பதிப்பாளரால் மலிவான கிளர்ச்சி நூலாக வெளியிடப்பட்டன. பிராசாய் பின்னர் அந்நூலைத் தம் நூற்பட்டியலில் சேர்க்கவில்லை. யாருடைய நம்பிக்கையைப் பெற்று அப்படங்களை எடுத்தாரோ, அவர்களை அது வேடிக்கைப் பொருளாக்கியது.

அவர் விரும்பிய வடிவில், தாமே எழுதிய நினைவுக் குறிப்புகளுடன், அப்படங்கள் 1976இல் '1930களின் மறைவான பாரிஸ்' என்ற நூலாக வந்தன. பிரான்சில் விலைமகளிர் விடுதிகள் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் மூடப்பட்டிருந்தன. ஆகவே, எடுத்த காலத்தில் அவதூறாகக் கருதப்பட்டிருக்கக்கூடிய படங்கள், வெளியானபோது வரலாற்று ஆவணங்களாக ஆகியிருந்தன.

காட்சிகள்

இரவுப் படங்கள் 1933இல் லண்டனின் பாட்ஸ்ஃபோர்டு காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1937இல் நடத்திய ஒளிப்பட வரலாற்றுக் காட்சியில் இவருடைய படங்களையும் சேர்த்தது. பிராசாய் 1949இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். அதே அருங்காட்சியகம் 1951இல் 'ஐந்து பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர்கள்' என்ற காட்சியில் அவரை ஒருவராக அறிமுகப்படுத்தியது. 1956இல் பாரிஸ் சுவர்க் கிறுக்கல்களின் படங்களையும், 1968இல் அவருடைய முழுப் பணியையும் காட்சிக்கு வைத்தது. பிராசாய் 1984 சூலை 8 அன்று காலமானார். பாரிசின் மொம்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.