கால், கணுக்கால் நோய்கள் (மான்குர்த்)

மும்பையின் கிழக்கு ஓரத்தில், ஹார்பர் ரயில் தாணே கழியைக் கடந்து வாஷிக்குப் போகுமுன் நிற்கும் கடைசி நிலையம் மான்குர்த். அருகிலேயே தேவ்னார் குப்பைமேடு. தெற்கே, 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட தமிழர்கள் பலர் வாழும் சீத்தா கேம்ப். குப்பை பொறுக்குவோர், கட்டட வேலையாட்கள், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் எனப் பலருக்கு இங்கே கால்தான் முதலீடு.

மழைக்காலத்தில் சேற்றுப்புண் மிகுதி. விரலிடுக்கில் ஈரம் தங்கித் தோல் ஊறி வெளுக்க, பூஞ்சை பற்றிக்கொள்கிறது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதே நல்ல தடுப்பு. பித்தவெடிப்போ காயமோ உள்ள காலோடு தேங்கிய நீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். 2005 ஜூலை 26 வெள்ளத்துக்குப் பின் மும்பை அதைக் கண்டது. அப்படி நடந்தவர் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்க வேண்டும்.

கணுக்கால் சுளுக்கினால் உடனே உருவிவிடுவது தவறு, வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டி, காலை உயர்த்தி வைக்கலாம். நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே தேவை.

இவற்றைவிட அஞ்ச வேண்டியது வலி தெரியாத கால். சர்க்கரை நோயும் தொழுநோயும் உணர்வை மழுங்கடிக்கின்றன. வார் அறுந்த ரப்பர் செருப்பில் ஊக்கு குத்திக்கொண்டு நடப்பது இங்கே சாதாரணம். ஊக்கின் முனை உள்ளங்காலில் இறங்கினாலும் உணர்வு மழுங்கியவர்களுக்குத் தெரியாது, மாலையில் செருப்பில் ரத்தத்தைக் கண்டால்தான் உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் பாதங்களை ஆராய்ந்தார். சதை தானாக அழுகுவதில்லை, உணராத காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும் காயமுமே புண்ணாகின்றன என்று காட்டினார். பஞ்சுபோன்ற அடித்தட்டுள்ள எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு அந்தப் புரிதலின் வழி வந்தது.

சர்க்கரை உள்ளவர் தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது. வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்த பிறகே காலை விட வேண்டும். ஷூ போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும்.