கட்டை யாருடையது? ஒரு விளையாட்டுச்சாமானின் வரலாறு

தலையில் குமிழ்கள் வைத்த சின்னப் பிளாஸ்ரிக் கட்டைகளைத் தெரியாதவர்கள் எங்கள் தலைமுறையில் குறைவு. திருவிழாக் கடைகளில் பொலித்தீன் பையில் தொங்கும். பையில் எந்தப் பெயர் இருந்தாலும் நாங்கள் அதை 'லெகோ' எண்டுதான் சொல்லுவோம். கொஞ்சம் வளர்ந்த பிறகு யாராவது வந்து "இது ஒறிஜினல் இல்லை, கொப்பி" என்று திருத்துவார்கள். சரி, அப்போ ஒறிஜினல் எது? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு நூற்றாண்டு வரலாறு எங்கள் முன்னால் விரிகிறது.

எல்லோருக்கும் தெரிந்த கதை இதுதான். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் இருந்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை குறைந்துபோக, 1932இல் மர விளையாட்டுச்சாமான்கள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டெனிஷ் சொற்களைச் சுருக்கி 1934இல் 'லெகோ' என்று பெயர் வைத்தார். போருக்குப் பிறகு பிளாஸ்ரிக் வார்ப்பு இயந்திரம் ஒன்றை வாங்கினார். 1949இல் முதலாவது பிளாஸ்ரிக் கட்டை விற்பனைக்கு வந்தது. ஏழைத் தச்சர், கடின உழைப்பு, உலகப் புகழ். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனால் இந்தக் கதையில் ஒருவரைக் காணவில்லை. அவர் பெயர் ஹிலரி ஃபிஷர் பேஜ். இங்கிலாந்துக்காரர். 'கிட்டிகிராஃப்ட்' என்ற விளையாட்டுச்சாமான் நிறுவனத்தை 1932இல் தொடங்கியவர். பாலர் பாடசாலைகளுக்குப் போய், பிள்ளைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சாமான் செய்தவர். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்ரிக் கட்டையை அவர் 1947இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். 'பேட்டன்ட்' எனப்படும் ஆக்கவுரிமையும் பிரித்தானியாவில் எடுத்திருந்தார். டென்மார்க்கில் அந்த உரிமை செல்லாது. பேஜின் கட்டை மாதிரிகள் கிறிஸ்டியன்சன் குடும்பத்தின் கைக்குக் கிடைத்தன. அவற்றை வைத்து, அளவுகளைக் கொஞ்சம் மாற்றி, 1949இன் கட்டை செய்யப்பட்டது. அதாவது நாங்கள் 'ஒறிஜினல்' என்று சொல்லும் சாமானே இன்னொருவருடையதைப் பார்த்துச் செய்ததுதான்.

பேஜ் 1957இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அதற்கு மூன்று வருடம் கழித்து, 1960இல்தான் லெகோ பிரித்தானியச் சந்தைக்குள் நுழைந்தது. கிட்டிகிராஃப்ட் கட்டையில் எஞ்சியிருந்த உரிமைகளை லெகோ 1981இல் காசு கொடுத்து வாங்கியது.

இதை வைத்து "லெகோ களவெடுத்தது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதலாம். அதுவும் அரைகுறை வரலாறுதான். பேஜின் கட்டையும் 1949இன் லெகோவும் உள்ளே வெறும் கோது. அடுக்கலாம், ஆனால் இறுகிப் பிடிக்காது, கொஞ்சம் தட்டினாலும் கழன்றுவிடும். ஓலேயின் மகன் கொட்ஃப்ரெட் காலத்தில் கட்டைக்குள்ளே குழாய்கள் வைக்கப்பட்டன. கீழுள்ள கட்டையின் குமிழ், மேலுள்ள கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் இடையில் இறுகி நிற்கும். அதற்கான விண்ணப்பம் 1958 ஜனவரி 28ஆம் திகதி டென்மார்க்கில் பதிவானது. அன்று செய்த கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். அந்தக் குழாய் பேஜுடையது அல்ல. குமிழ் லெகோவுடையது அல்ல. இரண்டும் சேர்ந்ததுதான் இன்று எங்கள் கையில் இருக்கும் கட்டை.

ஆக்கவுரிமைக்கு ஆயுள் உண்டு. அது முடிந்ததும் மற்ற நிறுவனங்கள் அதே கட்டையைச் செய்யத் தொடங்கின. லெகோ நீதிமன்றம் போனது. ஹொங்கொங்கில் அமெரிக்காவின் 'டைக்கோ' நிறுவனத்தோடு நடந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1988இல் லெகோ தோற்றது. எங்கட நாட்டு மேன்முறையீடுகளும் 1970களின் தொடக்கம்வரை போய்ச்சேர்ந்த அதே பிரிவி கவுன்சில்தான். 2005இல் கனடாவின் உயர் நீதிமன்றமும், 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின: குமிழ் ஒரு வேலை செய்யும் உறுப்பு, அதை வர்த்தகக் குறியாக்கி என்றென்றைக்கும் ஒருவர் பூட்டி வைக்க முடியாது. பெயர் லெகோவுக்கு, வடிவம் பொதுவுக்கு.

இது கண்டுபிடித்தவர்களின் கதையும் கம்பனிகளின் கதையும். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களைப் பற்றித்தான் வரலாறு குறைவாக எழுதுகிறது. இந்தக் கட்டைகளை வைத்து ஊரும் ரயிலும் கட்டி, மண்டபங்களில் காட்சிக்கு வைக்கும் பொழுதுபோக்குக்காரர்கள்.

மாதிரி ரயில் ஓட்டும் பழக்கம் கட்டையைவிட மூத்தது. ஜேர்மனியின் மேர்க்லின் நிறுவனம் 1891இலேயே தண்டவாள அளவுகளை ஒழுங்குபடுத்தி ரயில் விற்றது. லிவர்பூலின் ஃபிராங்க் ஹோர்ன்பி, துளையிட்ட உலோகத் துண்டுகளால் பொறிகள் கட்டும் 'மெக்கானோ'வுக்கு 1901இல் ஆக்கவுரிமை எடுத்தார். 1920இல் ரயிலும் செய்தார். லெகோவின் மோட்டர் ரயில் 1966இல்தான் வந்தது: நீலத் தண்டவாளம், 4.5 வோல்ற் பற்றறி. பிறகு 12 வோல்ற். 1980இல் தூரத்திலிருந்தே தடம் மாற்றும் வசதி. 1991இல் 9 வோல்ற்: உலோகம் பூசிய தண்டவாளத்திலேயே மின்சாரம் ஓடும், பற்றறி தேவையில்லை. 2006இல் கம்பனி திரும்பவும் பற்றறிக்கும் வெறும் பிளாஸ்ரிக் தண்டவாளத்துக்கும் போனது. 9 வோல்ற் கொஞ்ச நாளில் கைவிடப்பட்டது.

காட்சி வைப்பவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. கண்காட்சியில் ரயில் நாள் முழுக்க ஓட வேண்டும், பற்றறி இடையில் செத்துவிடும். அதனால் கனபேர் பழைய உலோகத் தண்டவாளங்களைத் தேடிச் சேர்த்து, துடைத்து, இன்றுவரை ஓட்டுகிறார்கள். அவர்களுக்காகச் சிறு நிறுவனங்கள் புதிதாகவும் செய்கின்றன. லெகோவின் வளைவுத் தண்டவாளம் 40 குமிழ் ஆரம் கொண்டது, அதாவது வெறும் 32 சென்ரிமீற்றர். நீளமான பெட்டிகள் அதில் திரும்பும்போது பார்க்க வடிவாக இருக்காது. பெரிய வளைவுகளையும் முதலில் ரசிகர்களும் சிறு நிறுவனங்களுமே செய்தார்கள்.

அவர்களுக்குள் ஓயாத ஒரு விவாதமும் உண்டு: பெட்டி ஆறு குமிழ் அகலமா, எட்டா? ஒரு குமிழ் இடைவெளி 8 மில்லிமீற்றர். தண்டவாளங்களுக்கு இடையே சுமார் 37.5 மில்லிமீற்றர். ஐரோப்பாவின் 1435 மில்லிமீற்றர் பாதையோடு ஒப்பிட்டால் இது 38இல் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி மூன்று மீற்றர் அகலப் பெட்டிக்குப் பத்துக் குமிழ் வேண்டும். ஆறு குமிழ் ரயில் அதன் தண்டவாளத்தில் மெலிந்து தெரிவது இதனால்தான். எங்கட நாட்டுப் பாதை 1676 மில்லிமீற்றர், அகலமானது. அதற்கு 45இல் ஒரு பங்கு வரும். யாராவது இங்கே யாழ்தேவியைக் கட்டப் போனால், எட்டு ஒன்பது குமிழில் ஓரளவு சரியாக அமையும். ஐரோப்பிய ரயிலைவிட எங்கட கோச்சிக்கு அந்தத் தண்டவாளம் நல்லாப் பொருந்துது!

இந்தக் கணக்குகளைப் பெட்டிக்குள் வரும் செய்முறைப் புத்தகம் சொல்லித் தருவதில்லை. விளையாடியவர்கள் தாங்களாகவே பிடித்தவை. ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு துண்டு ஊரைக் கட்டி வருவார்கள். தண்டவாளம் எந்த இடத்தில் வந்து முட்ட வேண்டும் என்பது முன்கூட்டியே பேசப்பட்டிருக்கும். மண்டபத்தில் மேசைகளைச் சேர்த்தால் ஒரே நகரம். முடிந்ததும் பிரித்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். 2002இல் ஒரு ரசிகர் வடிவமைத்த 'சான்டா ஃபே' ரயிலையே கம்பனி தன் பெட்டியில் போட்டு விற்றது. கம்பனி ரசிகர்களிடம் படித்த காலமும் உண்டு.

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கும் எங்களுக்கு மன்னர்களையும் சட்டங்களையும் பற்றிக் கேள்வி கேட்கப் பழக்குகிறார்கள். ஒரு விளையாட்டுச்சாமானிடமும் அதே கேள்விகளைக் கேட்கலாம். இந்தக் கதையைச் சொல்வது யார்? விடுபட்டவர் யார்? கதையை எழுதியவருக்கு அதில் என்ன லாபம்? கட்டையின் கதையைக் கம்பனி மட்டும் சொன்னால் பேஜ் காணாமல் போகிறார். பேஜுக்காகக் கோபப்பட்டு மட்டும் எழுதினால் அந்தக் குழாய் காணாமல் போகிறது. இரண்டையும் எழுதி நிறுத்தினால், கைவிடப்பட்ட தண்டவாளத்தைத் துடைத்துத் துடைத்து ஓட்டியவர்கள் காணாமல் போகிறார்கள். மூன்று பேரையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதும்போதுதான் அது வரலாறு. அதில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால், அது விளம்பரம்தானே?